பெரியம்மாவுக்குச் செய்த காப்பி கேக்

அம்மா எழுதிக் கொடுத்த பட்டியலில் ‘லேடி ஃபிங்கர், இரண்டு பாக்கெட்’ என்று இருந்ததைப் பார்த்து, அப்பா பாசாரிலிருந்து அரைக் கிலோ வெண்டைக்காய் வாங்கி வந்தார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அம்மா வெண்டைக்காய்ப் பையைக் கையில் பிடித்தபடி அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கேக்குல யாராவது வெண்டைக்காய் போடுவாங்களா?”

“இத்தாலிக்காரன் என்னென்ன போடுவான்னு எனக்கு எப்படிலா தெரியும்?” என்றார் அப்பா. பேசிக்கொண்டே மறுபடியும் வண்டிச் சாவியை எடுத்தார். கிள்ளான் டவுனில் கேக் சாமான் விற்கும் கடைக்குப் போய், விரல் நீளத்தில் மேலே சர்க்கரை தூவிய பிஸ்கட்டுகளை வாங்கி வந்தார். அவை வந்தபின் அம்மாவுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. கேக்கின் மேல் அடுக்கு நம் ஊர் வெயிலில் உருகி வழியாமல் நிற்க ஜெலட்டின் என்று ஒரு தூள் வேண்டுமாம். அப்பா மூன்றாவது முறையாகப் போனார். அவர் கொண்டுவந்து வைத்த அந்தச் சின்னப் பொட்டலத்தை அன்று யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. பண்டமாரானில் வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். அப்பா துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் லோரி ஓட்டினார். அம்மாவுக்குக் கேக் செய்வது புதிதல்ல. தீபாவளி வந்தால் எங்கள் வரிசையில் பாதி வீடுகளில் அவள் சுட்ட பிஸ்கட் இருக்கும். ஆனால் சீஸ்கேக் என்ற ஒன்றை அவள் அதுவரை தொட்டதில்லை. தொட்டது பெரியம்மாவுக்காக.

பெரியம்மா என்றால் அம்மாவின் ஒரே அக்கா. பிரிக்ஃபீல்ட்ஸில் வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து சில தலைமுறைகளுக்கு முன் மலாயாவுக்கு வந்து, ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்த்த குடும்பம் அவர்களுடையது. பெரியம்மாவும் ஏதோ ஓர் இலாகாவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டின் இளைய பெண் ஒரு லோரி ஓட்டுநரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று பிடிவாதமாக நின்றபோது, அவர் சத்தம் போடவில்லையாம், அழவில்லையாம். “அந்த வீட்டில என்னத்தைச் சாப்பிடுவினமோ எனக்குத் தெரியாது. நான் அங்க ஒரு வாய்த் தண்ணியும் குடிக்கமாட்டன்” என்று மட்டும் சொன்னாராம். இதை யாரும் எனக்கு உட்கார வைத்துச் சொல்லவில்லை. அப்பாவும் அம்மாவும் பேசும்போது காதில் விழுந்த துண்டுகளை ஒட்டி நானே தெரிந்துகொண்டது.

பதினோரு வருடமாகப் பெரியம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். சொந்தக்காரர்கள் கல்யாணத்தில் இரண்டு தடவை அவரைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். உயரமானவர், மூக்குக் கண்ணாடி போட்டவர், யாரிடமும் அதிகம் பேசாதவர். அம்மா அவரைப் பார்த்துத் தலையசைப்பாள். அவரும் அசைப்பார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா கார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வருவாள்.

பெரியம்மாவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும்தான் எல்லாம் மாறியது. அந்த அக்காவும் அம்மாவும் எப்போது, எப்படிப் பழகிக்கொண்டார்கள் என்று தெரியாது. அம்மா அடுப்படியில் ஃபோனைப் பார்த்துத் தனியாகச் சிரித்தால் அந்தப் பக்கம் இருப்பது அவள்தான் என்பது மட்டும் எனக்குத் தெரியும். நான் அவளுக்குக் ‘கல்யாண அக்கா’ என்று பெயர் வைத்திருந்தேன். கல்யாண அக்கா தன் அம்மாவிடம், சித்தி இல்லாமல் மணவறையில் உட்கார மாட்டேன், நேரில் போய் அழைத்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டாள். பத்து நாள் பெரியம்மா பதில் சொல்லவில்லையாம். பதினோராவது நாள், “ஞாயிற்றுக்கிழமை போவம்” என்றாராம்.

ஞாயிறு மாலை நான்கு மணி என்று அம்மாவுக்குச் செய்தி வந்தது. கூடவே இன்னொரு செய்தி. பெரியம்மா இனிப்பே தொடமாட்டார், ஆனால் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கஃபேயில் டிராமிசு சீஸ்கேக் என்று ஓர் இத்தாலிக் கேக்கை ஒரு துண்டு முழுவதும் சாப்பிட்டார், கோப்பி வாசத்துக்காகத்தான் இருக்கும் என்று எழுதிப் படமும் அனுப்பியிருந்தாள் கல்யாண அக்கா. அம்மா அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, அதன் ஒவ்வொரு அடுக்காகப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பயமாக இருந்தது. பரீட்சைக்கு முந்தின நாள் நான் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிற பார்வை அது.

முந்தின ஞாயிறே ஒரு சோதனைக் கேக் செய்தாள். ஃபோனில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, சீஸைச் சர்க்கரையோடு குழைத்து, முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து விட்டு, கெட்டியாகக் காய்ச்சிய காப்பியை ஊற்றிக் கலக்கினாள். எங்களுடையது மேசைமேல் வைக்கிற சின்ன மின்சார ஓவன். அதன் கண்ணாடிக்கு முன் நாற்காலி போட்டு இருவரும் உட்கார்ந்தோம். நாற்பது நிமிடம் வரை கேக் சமத்தாக எழும்பியது. பிறகு எங்கள் கண் முன்னாலேயே நடுவில் ஒரு கீறல் விட்டு, பெரிய லோரி ஏறிய பழைய தார்ரோடுபோல வெடித்துப் பிளந்தது.

அம்மா ஓவனை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அக்கா இதப் பாத்தா என்ன சொல்லுவா தெரியுமா? ஒண்ணுமே சொல்லமாட்டா. அதான் பயம்.”

அப்பா அந்த வெடித்த கேக்கை மூன்று நாள் டப்பாவில் போட்டு வேலைக்குக் கொண்டுபோய், நண்பர்களுக்கும் கொடுத்து, “ஒடைஞ்சாலும் ருசி மாறலலா” என்று வந்து சொன்னார். அம்மாவுக்கு அது ஆறுதலாக இல்லை.

அந்த வாரம் முழுவதும் வீடு வேறு யாருடைய வீடோபோல ஆகிவிட்டது. திரைச்சீலைகள் துவைக்கப்பட்டன. சோபாவின் கிழிந்த கைப்பிடியில் ஒரு துணி போர்த்தப்பட்டது. நான் அதில் சாய்ந்தால் அதட்டல் விழுந்தது. அம்மாவின் பேச்சும் மாறியது. பாத்திரம் கழுவிக்கொண்டே, “வாங்கோ அக்கா, இருங்கோ... கோப்பி குடிக்கிறியளோ?” என்று குழாயிடம் பேசிப் பார்த்தாள். எங்களிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை. எங்களோடு பேசும்போது அவள் பண்டமாரான்காரி. ‘ஆமா’ சொல்லும் வாயில் ‘ஓம்’ வந்தபோது, இவளைப் பெரியம்மா திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்றுகூட எனக்கு ஒரு கணம் தோன்றியது.

சனிக்கிழமை மதியம் உண்மையான கேக். இந்த முறை கேக் தட்டைத் தண்ணீர் ஊற்றிய பெரிய தட்டுக்குள் வைத்து ஓவனில் ஏற்றினாள். அப்படிச் செய்தால் வெடிக்காதாம். காப்பியில் முக்கிய பிஸ்கட்டுகள் அடியில், அதன்மேல் சீஸ் கலவை. அந்தக் கேக்குக்கு ஏதோ ஒரு மதுவையும் ஊற்றுவார்களாம். வீடியோவில் அந்த இடம் வந்தபோது அம்மா அந்தப் பெண்ணைக் கண்டிப்பதுபோல ஒரு சத்தம் எழுப்பிவிட்டு, அதற்குப் பதில் இன்னும் இரண்டு கரண்டி காப்பி ஊற்றினாள். வெந்த பிறகும் கேக்கை உடனே வெளியே எடுக்கவில்லை. சூடு மெதுவாகத் தணியவேண்டும் என்று ஓவன் கதவில் ஒரு மரக் கரண்டியைச் செருகி வைத்தாள். நாங்கள் காலை ஓசைப்படாமல் வைத்து நடந்தோம். அப்பா டிவியின் சத்தத்தைக்கூடக் குறைத்துவிட்டார்.

கேக் வெடிக்கவில்லை. அதை ஃபிரிட்ஜில் ஏற்றியபோது அம்மா மூச்சையே நிறுத்தியிருந்தாள்.

மறுநாள் காலை நான் கோயிலில் தேவார வகுப்புக்குப் போய்விட்டேன். நான் வருவதற்குள் அம்மா மேல் அடுக்கையும் முடித்து வைத்திருந்தாள். வெள்ளைவெளேரென்று, மேடு பள்ளமில்லாமல், ஒரு விரல் உயரத்துக்கு நின்றது. அதன்மேல் சலித்த கொக்கோப் பொடி. “ஃபிரிட்ஜைத் திறக்காத. பக்கத்துல நின்னு மூச்சுகூட விடாத” என்றாள்.

மூன்றரை மணிக்குக் கல்யாண அக்காவிடமிருந்து, கிளம்பி வந்துகொண்டிருக்கிறோம் என்று செய்தி வந்தது. எங்கள் வீட்டுப் பக்கம் சந்துகள் குழப்பும் என்பதால் அப்பா முச்சந்தியில் நின்று வழிகாட்டப் போனார். அம்மா சேலை மாற்ற அறைக்குள் போகும்போது, அடுப்படிக் குப்பையை வெளியே கொண்டுபோய்ப் போடும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

குப்பைப் பை ஈரத்தில் அடி கிழிந்தது. முட்டை ஓடு, காப்பிச் சக்கை, சீஸ் சுற்றி வந்த வெள்ளித் தாள் எல்லாம் வாசலில் கொட்டின. அவசரமாகக் கையால் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பொட்டலம் கையில் வந்தது. அப்பா மூன்றாவது முறை போய் வாங்கி வந்ததுதான். மூலை வெட்டப்பட்டு, உள்ளே காலி. திருப்பிப் பார்த்தேன். ‘ஜெலட்டின் லெம்பு’ என்று மலாயில் போட்டிருந்தது.

லெம்பு என்றால் மாடு. முதலாம் ஆண்டு மலாய்ப் புத்தகத்திலேயே படம் போட்டுக் கற்றுக்கொடுத்த சொல். இந்தத் தூளை மாட்டின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனால் ‘தயாரிக்கப் பயன்பட்டவை’ என்ற இடத்திலும் அதே சொல்லைப் போட்டிருந்தார்கள். சந்தேகத்துக்கு இடமே இல்லை. எங்கள் வீட்டில் கோழி, மீன், ஆடு எல்லாம் உண்டு. மாடு மட்டும் கிடையாது. அப்பா வெளியே சாப்பிடும்போதுகூடக் கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார். பெரியம்மாவோ, கல்யாண அக்கா சொன்னபடி, மாட்டிறைச்சி சமைக்கிற கடையில் நாற்காலியில்கூட உட்காரமாட்டார். என்னத்தைச் சாப்பிடுவினமோ என்று அவர் பதினோரு வருடத்துக்கு முன்பு கேட்டதற்கு, என் அம்மா இரண்டு நாள் கஷ்டப்பட்டு, வெடிக்காமல், கொக்கோ தூவி, ஒரு பதிலைச் செய்து ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறாள்.

கையைக் கழுவாமலே அறைக்கு ஓடினேன். அம்மா வாயில் பின்னைக் கடித்தபடி மடிப்புகளைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“அம்மா, அந்தக் கேக்குல...”

பின்னை வாயிலிருந்து எடுத்தாள். “இப்ப எதுவும் கேக்காத. கேக்கப் பத்தி ஒரு வார்த்தை பேசாத. அவங்க வந்துட்டே இருக்காங்க.”

பின்னை மறுபடி வாயில் கடித்துக்கொண்டு கண்ணாடிப் பக்கம் திரும்பிவிட்டாள். பொட்டலத்தை நாலாக மடித்து என் கவுன் பைக்குள் வைத்துக்கொண்டேன். அடுப்படிக்குப் போய்த் திறக்கக்கூடாத ஃபிரிட்ஜைத் திறந்தேன். கேக்கை வெளியே எடுத்துக் கீழே போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. கை தவறிவிட்டது என்று சொல்லலாம். அடி விழும், ஆனால் அம்மா தப்பித்துவிடுவாள். இரண்டு கையையும் தட்டின் அடியில் கொடுத்தேன். தட்டு ஜில்லென்று இருந்தது. நேற்று அவள் மூச்சை நிறுத்தி அதை உள்ளே வைத்தது ஞாபகம் வந்தது. என்னால் முடியவில்லை. கதவை மூடினேன். வெளியே கார் வந்து நின்றது.

பெரியம்மா படியேறி வந்து, செருப்பைச் சுவரோரமாகச் சேர்த்து வைத்துவிட்டு, உள்ளே பார்த்தார். “வாங்கோ அக்கா” என்றாள் அம்மா. அவ்வளவு ஒத்திகை பார்த்தும் குரல் பாதியில் உடைந்தது. பெரியம்மா சோபாவின் நுனியில், பஸ் வந்ததும் எழுந்துவிடப் போகிறவர் மாதிரி உட்கார்ந்தார். கல்யாண அக்கா மட்டும் ரொம்ப நாள் பழகிய வீட்டுக்குள் நுழைவதுபோல நுழைந்து, என் கன்னத்தைக் கிள்ளி, நான் எவ்வளவு வளர்ந்துவிட்டேன் என்று ஆச்சரியப்பட்டாள். அப்பா எங்கே நிற்பது என்று தெரியாமல் காற்றாடியின் வேகத்தைக் கூட்டினார், பிறகு குறைத்தார்.

அம்மா தட்டில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“வேண்டாம். வரேக்குள்ள கார்லயே குடிச்சிட்டுத்தான் வந்தனாங்கள்” என்றார் பெரியம்மா.

அம்மாவின் முகம் சுருங்கியது. அப்பா தரையைப் பார்த்தார். அந்த அறையில் சந்தோஷப்பட்டது நான் ஒருத்திதான். தண்ணீரே வேண்டாம் என்கிறவர் கேக்கைத் தொடமாட்டார். முருகா, இவருக்கு எதுவும் வேண்டாமலே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வெற்றிலை, பாக்கு, பழத்தோடு பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து நின்று வாங்கிக்கொண்டார்கள். பெரியம்மா நாள், நேரம், மண்டபம் எல்லாவற்றையும் அலுவலகத்தில் ஒரு தகவலைத் தெரிவிப்பதுபோலச் சொல்லி முடித்தார். சொல்ல வேறெதுவும் இல்லை. அவர் கைப்பையை மடியில் நகர்த்தினார். கிளம்பப் போகிறார் என்று நான் மூச்சு விட்டேன்.

“சித்தி, அந்தக் கேக் எங்க?” என்றாள் கல்யாண அக்கா. “அம்மா, உங்களுக்காகவே செஞ்சிருக்காங்க. ரெண்டு நாளா செஞ்சாங்க தெரியுமா?”

பெரியம்மா அம்மாவைப் பார்த்தார். “நீயோ செய்தனி?”

“ஓம் அக்கா.”

“சரி. சின்னத் துண்டொண்டு.”

அம்மா அடுப்படிக்கு நடக்கவில்லை, ஓடினாள். கத்தியைச் சுடுநீரில் முக்கித் துடைத்து, கேக்கில் இறக்கினாள். துண்டு அப்படியே நிமிர்ந்து வந்தது. அடியில் காப்பி ஊறிய கருப்பு, நடுவில் இளம் பழுப்பு, மேலே வெள்ளை. நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். அவள் கையைத் தட்டிவிட்டாள். தட்டு பெரியம்மாவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

“பெரியம்மா, அது நல்லாவே இருக்காது” என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கல்யாண அக்கா சிரித்தாள். “இவளுக்கு முழுக் கேக்கும் வேணும்போல.” அம்மா பார்த்த பார்வையில் நான் இரண்டடி பின்னால் போனேன்.

பெரியம்மா தட்டை மூக்கருகே கொண்டுபோனார். “கோப்பி வாசம்” என்றார், யாரிடமும் இல்லாமல். கரண்டியால் நுனியைக் கிள்ளி வாயில் வைத்தார். நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒருமுறை ஏறி இறங்கியது. ஒன்று. இரண்டாவது கரண்டி கொஞ்சம் பெரியது. “அந்தக் கடையில இவ்வளவு கோப்பி போடமாட்டினம்” என்றார். அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். அவள் சிரிக்கிறாளா அழப் போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அவள் இருப்பதே சரியாகத் தெரியவில்லை, என் கண்ணில் இருந்தது கரண்டி மட்டும். ஒரு கரண்டிக்கு எவ்வளவு பாவம்? தெரியாமல் சாப்பிட்டால் பாவம் சாப்பிட்டவருக்கா, கொடுத்தவருக்கா, தெரிந்தும் சும்மா நின்றவளுக்கா? காலையில் தேவார வகுப்பில் இதையெல்லாம் சொல்லித்தரவில்லை.

மூன்றாவது கரண்டி மேலே எழுந்தது.

“சாப்பிடாதீங்க! அதுல மாடு இருக்கு!”

என் குரல்தான். கவுன் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து, மடிப்பைப் பிரித்து, மேசைமேல் வைத்தேன். காப்பிச் சக்கை ஒட்டிய அந்த அழுக்குத் தாள், பத்திரிகைத் தட்டுக்குப் பக்கத்தில், மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைக்குப் பக்கத்தில் கிடந்தது.

பெரியம்மா கரண்டியைத் தட்டில் வைத்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து படித்தார். அந்த அறையில் எங்கள் எல்லோரையும்விட மலாய் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் அவர். இரண்டு சொல்லைப் படிக்க அவருக்கு அவ்வளவு நேரம் ஏன் ஆயிற்று என்று தெரியவில்லை.

“அக்கா.” அம்மா சுவரை விட்டு நிமிர்ந்து நின்றாள். அழவில்லை. “அதைக் காலையில தண்ணில கரைச்சிட்டேன். ஒரு மாதிரி வாசம் வந்துது. அப்பதான் பாக்கெட்டத் திருப்பிப் பாத்தேன். பாத்ததும் அப்படியே சிங்க்ல ஊத்திட்டேன், பாத்திரத்தையும் ரெண்டு தடவை தேய்ச்சேன். கேக்குல போட்டது அகார் அகார். கடல் பாசி. வீட்டுல இருந்தது.”

அப்பாவுக்கு உயிர் வந்தது. “நான் போய் எடுத்துட்டு வரேன், அந்தப் பாக்கெட் இங்கதான் இருக்கும்” என்று அடுப்படிக்கு விரைந்தார். அலமாரிகள் திறந்து மூடின. டப்பாக்கள் உருண்டன. “எங்க வெச்ச? காணோமே? அரிசி டின் பக்கத்துலதான வெப்ப?” என்று அவர் குரல் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவை அவர் “காணோம்” என்றபோதும் நான் பெரியம்மாவின் தட்டைப் பார்த்தேன். கல்யாண அக்கா தன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு போய் வெகுநேரமாகியிருந்தது.

பெரியம்மா அம்மாவைப் பார்த்தார்.

“நீ பார்த்துத்தான் ஊத்தினனியோ?”

“ஓம் அக்கா.”

அவ்வளவுதான் கேட்டார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, “தம்பி, அதைத் தேட வேண்டாம். வந்து இருங்கோ” என்றார். எனக்குத் தெரிந்து அப்பாவிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. டப்பா உருளும் சத்தம் நின்றது. பெரியம்மா சோபாவில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, கரண்டியை எடுத்து, மூன்றாவது வாயைச் சாப்பிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இன்னும் பாக்கெட் கிடைக்கவில்லையே! நான் அடுப்படிக்கு ஓடினேன். அம்மா பிரித்த பாக்கெட்டுகளைத் துணிக் கிளிப் மாட்டி ஃபிரிட்ஜ் கதவில்தான் வைப்பாள். அப்பாவுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். சாஸ் போத்தலுக்குப் பின்னால் இருந்தது. அகார் அகார், பாதி காலி, ஓரத்தில் சிவப்புக் கிளிப். அதில் கடற்பாசி என்று தெளிவாகப் போட்டிருந்ததை நின்று படித்து நிச்சயப்படுத்திக்கொண்டு, கையை உயர்த்திப் பிடித்தபடி கூடத்துக்கு வந்தேன்.

“பெரியம்மா, இதோ! பாருங்க, இதான் போட்டது! அம்மா சொன்னது உண்மைதான்!”

அவர் தட்டு ஏற்கெனவே காலியாகியிருந்தது.

“சரி பிள்ளை. இருந்த இடத்தில கொண்டுபோய் வை” என்றார். பாக்கெட்டின் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. தட்டை அம்மாவிடம் நீட்டினார். “இன்னொரு துண்டு வெட்டு. சின்னனா வேண்டாம்.”

அம்மா தட்டை வாங்கினாள், ஆனால் வெட்டப் போகவில்லை. தட்டோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. கல்யாண அக்கா வேறொரு தட்டு எடுத்து இரண்டாவது துண்டை வெட்டினாள். அது கோணலாக வந்தது. பெரியம்மா அதையும் சாப்பிட்டார். போகும்போது பாதிக் கேக் ஒரு டப்பாவில் அவரோடு போனது.

அவர்கள் கார் திரும்பிய பிறகு அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “அந்தப் பொட்டலத்தப் பாத்ததும் என்னக் கேக்க வேண்டியதுதான?”

“நீங்கதான எதுவும் கேக்காதன்னு சொன்னீங்க.”

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அம்மா என்னை அடிக்கக் கையை ஓங்கி, அந்தக் கையாலேயே என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் சேலையில் காப்பி வாசம் அடித்தது.

கல்யாணத்தில் நாங்கள் முன்வரிசையில் உட்கார்ந்தோம். அதன் பிறகு பெரியம்மா எங்கள் வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்துவிட்டார். ஆனால் எனக்கு மட்டும் அவர்மேல் ஒரு மனத்தாங்கல் வெகுநாள் இருந்தது. அவ்வளவு பெரிய பயத்தை நான் ஒருத்தியாகச் சுமந்து, கடைசியில் அப்பாவுக்கே கிடைக்காத பாக்கெட்டைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து கொடுக்கிறேன், ஏறெடுத்துப் பார்க்கவில்லையே? ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம் பொறுத்திருந்தால், எந்தச் சந்தேகமும் இல்லாமல் படித்துப் பார்த்துவிட்டே சாப்பிட்டிருக்கலாமே? அதற்குள் என்ன அவசரம் என்று பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியிலெல்லாம் யோசித்துப் பார்த்தேன். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து அவ்வளவு தூரம் வந்ததில் பெரியம்மாவுக்கு நல்ல பசி இருந்திருக்கும் என்று கடைசியில் முடிவு செய்துகொண்டேன்.